கடைத்தேங்காயும் காட்டுக் கணக்கும்

2024 டிசம்பரில் டேராடூனில் வெளியான இந்திய வன நிலை அறிக்கையைப் படித்தவர்களுக்கு நெஞ்சு குளிர்ந்திருக்கும். நாட்டின் பரப்பில் 25.17 சதவீதம் காடும் மரமுமாம். முந்தைய அறிக்கையைவிட 1,445 சதுர கிலோமீட்டர் கூடியிருக்கிறதாம். நெடுஞ்சாலை அகலமாகிறது, சுரங்கம் ஆழமாகிறது, ரிசார்ட் மலையேறுகிறது. கூடவே காடும் வளர்கிறது. உலகில் வேறெந்த நாட்டுக்கும் கைவராத வித்தை. இதைச் செய்த மகான் யார் என்று தேடிப் போனால், மண்வெட்டியோடு ஒருவரும் அகப்பட மாட்டார். கணிப்பொறியின் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒருவர் அகப்படுவார்.

அவர் பின்பற்றும் இலக்கணம் எளிது. ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் மரக்கவிகை பத்து சதவீதம் இருந்தால் அது காடு. நிலம் யாருடையது, சட்டப்படி என்ன வகை, நின்றிருப்பது என்ன மரம் என்ற கேள்வியெல்லாம் கிடையாது. மாந்தோப்பா? காடு. தென்னந்தோப்பா? காடு. நிழல் மரத்துக்கடியில் காப்பிச் செடியா? அடர்ந்த காடு. 2021 அறிக்கையின்படி நாட்டின் மொத்த வனப்பரப்பு 7,13,789 சதுர கிலோமீட்டர். அதில் 1,97,159 சதுர கிலோமீட்டர் அரசுப் பதிவேட்டில் வனமாக இல்லாத நிலம். நான்கில் ஒரு பங்குக்கும் மேலே! விவசாயியின் தோப்பு, எஸ்டேட்காரரின் தோட்டம், ஊர்ப் பொதுநிலம் எல்லாம் அதற்குள் அடக்கம்.

கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது என்று நம் ஊரில் சொல்வார்கள். நம் அரசு அந்தத் தேங்காயை உலக மாநாட்டுப் பிள்ளையாருக்கே உடைக்கிறது. பாரிஸ் ஒப்பந்தத்துக்காக 2030-க்குள் கூடுதலாக 250 முதல் 300 கோடி டன் கரியமில வாயுவைக் காடும் மரமும் உறிஞ்சிக்கொள்ளும் என்று வாக்குக் கொடுத்திருக்கிறோம். கொடுத்தது அரசு. உறிஞ்ச வேண்டியது பொள்ளாச்சிக்காரரின் தென்னை. இப்படி ஒரு வாக்குறுதிக்குத் தன் தோப்பு பிணை நிற்கிறது என்பது அந்த மனிதருக்குத் தெரியுமா? அவருக்கு யார் சொல்வார்கள்!

சதவீதத்தை மேடையில் சொல்வார்கள், வரைபடத்தைக் காட்ட மாட்டார்கள். எந்தக் கிராமத்தில் எந்தப் புல எண் காடாக எண்ணப்பட்டது என்று நிலத்துக்காரர் தானே பார்த்துச் சரிபார்க்கும்படி அந்தப் படம் பொதுவெளியில் வைக்கப்படவில்லை. ஏன் வைக்கவில்லை என்பது 2023-இல் கொஞ்சம் விளங்கியது. இந்தியன் எக்ஸ்பிரஸ் நாளிதழ் டெல்லியின் அதிகாரப்பூர்வக் காட்டுப் படத்தை ஆராய்ந்தபோது, காடு என்று குறிக்கப்பட்ட இடங்களில் அமைச்சர்கள், உயர் அதிகாரிகளின் பங்களாக்கள் இருந்தன. நாடாளுமன்ற வீதியில் உள்ள ரிசர்வ் வங்கிக் கட்டடம் இருந்தது. எய்ம்ஸ், ஐஐடி வளாகங்களின் பகுதிகளும் இருந்தன. ஆக, டெல்லியில் வனவாசம் என்பது அரசு பங்களாவில் குடியிருப்பது. இராமருக்கு இந்த வசதி தெரியாமல் போயிற்று.

ரிசர்வ் வங்கியே காடென்றால் தாண்டிக்குடியின் காப்பித் தோட்டம் காடாகாமல் இருக்குமா? அந்தப் பக்கம் ஐந்தாறு ஏக்கர் வைத்திருக்கும் ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கொடைக்கானல் கீழ்மலை. அப்பா காலத்தில் நட்ட சில்வர் ஓக் நெடுநெடுவென்று வளர்ந்து நிற்கிறது. நிழல் மிஞ்சிப்போய்க் காப்பி சரியாகப் பூக்கவில்லை. பத்து மரத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பலாவும் நாவலும் வைத்தால் தோட்டத்துக்கும் நல்லது, பறவைக்கும் நல்லது. வனவியல் பாடப்புத்தகம் இதைத்தான் நீடித்த மேலாண்மை என்கிறது. மனுவை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போகிறார்.

"சார், பத்து ஓக் மரம் எடுக்கணும். மனு கொண்டாந்திருக்கேன்."

"பட்டா நகல்?"

"இருக்குங்க."

"சிட்டா, அடங்கல், புலப்படம்?"

"எல்லாம் வச்சிருக்கேங்க."

"அடங்கல்ல மரம் ஏறவே இல்லியே. வி.ஏ.ஓ. எழுதலியா?"

"பழைய வி.ஏ.ஓ. மாறிப் போயிட்டாருங்க. புதுசா வந்தவரு, நீங்க நட்டப்போ நான் இல்லியேங்குறாரு."

"ரெக்கார்டுல மரமே இல்ல. இல்லாத மரத்த வெட்ட எப்படிய்யா அனுமதி குடுக்கிறது?"

"டேராடூன் கணக்குல இருக்குமே சார்."

"அது எந்த ஃபிர்கா?"

இதுதான் நிலைமை. அந்த மரம் டேராடூனில் இருக்கிறது, பாரிஸில் இருக்கிறது, பிரதமரின் உரையில் இருக்கிறது. அடங்கலில் மட்டும் இல்லை. உரிமையாளருக்கு மரம் தேவைப்படும்போது அது இருப்பதற்கு அவர்தான் அத்தாட்சி கொண்டுவர வேண்டும். அரசுக்குத் தேவைப்படும்போது 800 கிலோமீட்டர் உயரத்திலிருந்து எட்டிப் பார்த்தால் போதும்.

அப்புறம் வனச்சரகர் வந்து பார்க்க வேண்டும், மரத்துக்கு எண் போட வேண்டும், வருவாய்த் துறை அறிக்கை தர வேண்டும், குழு கூட வேண்டும். குழு கூடுவதற்குள் இரண்டு மழைக்காலம் போய்விடும். இதற்கிடையில் மர வியாபாரி ஒருவர் வீட்டுத் திண்ணைக்கு வருவார். "எதுக்கண்ணே அலையுறீங்க? மரத்த நின்ன நெலையில எனக்குக் குடுத்துருங்க. பேப்பரெல்லாம் நான் பாத்துக்கிறேன்." மூன்றில் ஒரு பங்கு விலை. பத்து மரத்துக்கு மனு போட்டவரின் தோட்டத்திலிருந்து முப்பது மரம் போகும். லாரி இரவில் மலையிறங்கும். விடிந்ததும் சோதனைச்சாவடியில் எல்லாம் சட்டப்படி நடந்திருக்கும். அடுத்த அறிக்கையிலும் காடு வளர்ந்திருக்கும்.

சட்டங்கள் வீணானவை என்று யாரும் சொல்லவில்லை. 1949-இல் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம் வந்ததற்குக் காரணம் இருந்தது. ஜமீன் ஒழிப்பு வரப்போகிறது என்று தெரிந்ததும் கைக்குக் கிடைத்த காட்டையெல்லாம் வெட்டி விற்கத் துணிந்தவர்கள் இருந்தார்கள். 1955-இல் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, அதற்கும் நியாயம் உண்டு. அன்றைக்கு அரசுக்கு வானத்தில் கண் கிடையாது. ஒவ்வொரு மரத்தையும் ஆள் போய்த்தான் பார்க்க வேண்டும். அதனால் எல்லாருக்கும் சேர்த்து ஒரே பூட்டு போட்டார்கள். எழுபது ஆண்டு கழிந்தது. இன்று ஐரோப்பாவின் சென்டினல் செயற்கைக்கோள்கள் ஐந்து நாளுக்கு ஒருமுறை நம் தோட்டத்தின் மேல் பறந்து, பத்து மீட்டர் துல்லியத்தில் படமெடுத்து, உலகத்தில் யார் கேட்டாலும் காசில்லாமல் கொடுக்கின்றன. அமெரிக்காவின் லேண்ட்சாட் படங்கள் 2008 முதல் இலவசம். நம் வன நிலை அறிக்கையோ 23.5 மீட்டர் துல்லியப் படங்களை வைத்துக் காட்டை அளந்து வந்திருக்கிறது. தாண்டிக்குடியின் மரத்தை பிரஸ்ஸல்ஸ்காரன் நம்மைவிடத் தெளிவாகப் பார்க்கிறான். பார்த்ததைப் பங்கும் போடுகிறான். பூட்டு மட்டும் அதே பழைய பூட்டு.

வரைபடத்தைத் திறந்துவிட்டால் என்னதான் ஆகிவிடும்? பின்லாந்தில் ஆனதைப் பார்க்கலாம். அங்கே காட்டில் ஏறக்குறைய அறுபது சதவீதம் குடும்பங்களின் சொத்து. லட்சக்கணக்கான சிறு உரிமையாளர்கள். பலர் நகரத்தில் வேலை பார்க்கிறவர்கள், காட்டுப் பக்கம் எப்போதாவது எட்டிப்பார்ப்பவர்கள். அந்த நாட்டு வன மையம் விமானத்திலிருந்து லேசர் கதிர் பாய்ச்சிக் காட்டை அளக்கிறது. 16 மீட்டருக்கு 16 மீட்டர் என்று கட்டம் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் என்ன இன மரம், எவ்வளவு உயரம், எவ்வளவு பருமன், எவ்வளவு கன அளவு என்று கணக்கு வைக்கிறது. உரிமையாளர் வீட்டிலிருந்தபடி தன் காட்டைத் திரையில் பார்க்கலாம். எந்தப் பகுதியைக் கலைத்துவிட வேண்டும், எங்கே கன்று வைக்க வேண்டும், எந்த இடத்தில் கோடரி படக்கூடாது என்று யோசனையும் கிடைக்கும். 2018 மார்ச்சில் இந்தத் தரவு மொத்தத்தையும் எல்லாருக்கும் திறந்துவிட்டார்கள். உரிமையாளரின் பெயர் அதில் இருக்காது, மரம் இருக்கும்.

அங்கே விற்பனைக்கு மரம் வெட்ட நினைப்பவர் குறைந்தது பத்து நாளுக்கு முன்பு அறிவிப்புக் கொடுக்க வேண்டும். காட்டை மொட்டையடித்தால் மறுபடி வளர்க்கும் கடமை சட்டத்திலேயே இருக்கிறது. பத்து நாள்! நம் ஊரில் பத்து நாளில் மனுவுக்கு வரிசை எண் விழுந்தால் குலதெய்வத்துக்குக் கிடா வெட்டலாம். பின்லாந்து ஒன்றும் சொர்க்கமல்ல. மொட்டை வெட்டு அங்கே இன்றைக்கும் பெரிய சண்டை. ஆனால் சண்டை போடும் இரு தரப்பும் ஒரே படத்தை முன்னால் விரித்துவைத்துச் சண்டை போடுகிறார்கள். இங்கே ஒரு தரப்பிடம் படம், மறு தரப்பிடம் வக்கீல் செலவு.

"படத்தைத் திறந்துவிட்டால் கடத்தல்காரன் பார்த்துவிடுவான்" என்பார்கள். இந்த வாதத்தைச் சிரிக்காமல் கேட்பதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். வீரப்பன் எந்த இணையதளத்தில் இறங்கி சந்தன மரத்தைக் கண்டுபிடித்தார்? மரம் எங்கே நிற்கிறது என்று கடத்தல்காரனுக்கு எப்போதும் தெரியும். ரோந்து எந்த வழியாக எப்போது போகும் என்பதும் தெரியும். தெரியாமல் நிற்பவர்கள் இரண்டே பேர்: தோட்டக்காரர், தீர்ப்பளிக்கும் நீதிபதி.

"தேசப் பாதுகாப்பு" என்பது அடுத்த அஸ்திரம். 1802-இல் பரங்கிமலையில் தொடங்கி இந்தியாவை முக்கோணம் முக்கோணமாக அளந்தது வெள்ளைக்காரன். ஆள்வதற்காக அளந்தான், ஆகவே படத்தைப் பூட்டிவைத்தான். அவன் போய்விட்டான், சாவியை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறோம். 2016-இல் மத்திய அரசு ஒரு வரைவு மசோதா கொண்டுவந்தது. அனுமதியில்லாமல் புவியியல் தகவலைச் சேகரித்தாலோ பரப்பினாலோ அபராதம், சில குற்றங்களுக்கு 100 கோடி ரூபாய் வரை, சிறை ஏழாண்டு வரை. ஒரு தோட்டத்தின் படத்தை வரைவதைவிட ஒரு வங்கியைச் சுருட்டிக்கொண்டு லண்டன் போவது பாதுகாப்பானது என்று ஆகியிருக்கும். எதிர்ப்பு கிளம்பியதும் மசோதா கிடப்பில் போனது. 2021 பிப்ரவரியில் அதே அரசு புதிய வழிகாட்டு நெறிகளை வெளியிட்டு, இந்திய நிறுவனங்கள் தாராளமாகப் படம் வரையலாம், விற்கலாம் என்றது. ஐந்தாண்டுக்கு முன் சிறைக்கு அனுப்பவேண்டிய குற்றம் இப்போது தொழில்முனைவு. கம்பெனிக்குக் கதவு திறந்தது நல்லதுதான். பட்டாதாரருக்கு அவருடைய மரத்தைக் காட்டும் ஜன்னல்கூட ஏன் திறக்கவில்லை என்பதுதான் கேள்வி.

மூடிவைக்கும் இந்தப் பழக்கத்தால் காடு பிழைத்ததா? மேற்குத் தொடர்ச்சி மலையைக் கேளுங்கள். அந்த மலையின் சூழலை ஆராய்ந்த மாதவ் காட்கில் குழு 2011 ஆகஸ்டில் அறிக்கை கொடுத்தது. அமைச்சகம் அதைப் பெட்டிக்குள் வைத்தது. தகவல் ஆணையம் உத்தரவு போட்டு, டெல்லி உயர் நீதிமன்றம் வரை இழுத்து, 2012 மே மாதத்தில்தான் அது வெளியே வந்தது. மக்கள் படிக்க வேண்டிய அறிக்கை மக்களிடம் வருவதற்கு வழக்கு! அடுத்து கஸ்தூரிரங்கன் குழு. செயற்கைக்கோள் படத்தை வைத்துச் சூழல் முக்கியப் பகுதியைக் குறித்தது. ஒரு கிராமத்தில் இருபது சதவீதம் அப்படிப்பட்ட பகுதியானால் முழுக் கிராமமும் பட்டியலில். மரத்தைப் பார்க்க வல்ல படம் கையில் இருந்தும் கிராமத்தையே மொத்தமாக வளைத்தார்கள். என் நிலம் உள்ளேயா வெளியேயா என்று கேட்டவர்களுக்குக் கிடைத்த பதில் வதந்தி. 2013-இல் கேரளத்தில் கடையடைப்பு, கலவரம். 2014 முதல் 2024 வரை ஆறு வரைவு அறிவிக்கைகள் வந்தாயிற்று. ஆறாவது வந்தது 2024 ஜூலை 31 அன்று. அதற்கு முந்தைய நாள்தான் வயநாட்டில் மலை சரிந்து ஊர்களை விழுங்கியிருந்தது. பிணங்களைத் தேடிக்கொண்டிருந்தபோது, ஆட்சேபணை சொல்ல அறுபது நாள் அவகாசம் கொடுத்தார்கள்.

அதே கேரளத்தில் 2022 டிசம்பரில் நேர்மாறாக ஒன்று நடந்தது. தேசியப் பூங்காக்களையும் வனவிலங்குச் சரணாலயங்களையும் சுற்றிய ஒரு கிலோமீட்டர் வளையத்துக்குள் என்னென்ன இருக்கிறது என்ற செயற்கைக்கோள் அறிக்கையை மாநில அரசு வெளியிட்டது. ஆயிரக்கணக்கானோர் அதைக் கிழி கிழி என்று கிழித்தார்கள். என் வீடு எங்கே, எங்கள் பள்ளி எங்கே, சர்ச் எங்கே என்று ஆட்சேபணை குவிந்தது. அரசு இறங்கிவந்து நேரில் சரிபார்க்க வேண்டியதாயிற்று. அதிகாரிகளுக்கு இது அவமானமாகத் தெரிந்திருக்கும். உண்மையில் வரைபடம் செய்ய வேண்டிய வேலையே அதுதான். தப்பான படம் திறந்திருந்தால் ஊரே சேர்ந்து திருத்தும். பூட்டியிருந்தால் தப்பு அப்படியே அரசாணையாகும்.

நம் பக்கத்துக்கு வருவோம். நீலகிரி மாவட்டத்தின் கூடலூருக்கான ஜன்ம நிலச் சட்டம் இயற்றியது 1969-இல், நடைமுறைக்கு வந்தது 1974-இல். எது காடு, எது எஸ்டேட், எது குடியானவன் நிலம் என்ற வழக்கு அரை நூற்றாண்டைத் தாண்டிவிட்டது. செக்‌ஷன் 17 நிலம் என்று சொன்னால் அங்கே குழந்தைக்கும் புரியும்: பட்டா கிடைக்காது, மின் இணைப்புக்கு ஆண்டுக்கணக்கில் மன்றாட வேண்டும். இந்த அரை நூற்றாண்டில் அங்கே காடு அழியாமல் இருந்ததா? வழக்கு நடந்துகொண்டிருந்தது, மரமும் போய்க்கொண்டிருந்தது. எல்லை தெளிவில்லாத நிலத்தில் ஆள்பலம் உள்ளவனுக்குத்தான் எல்லை தெளிவாகத் தெரியும்.

நாடு முழுவதும் இதே கதைதான். 1996 டிசம்பர் 12-ஆம் தேதி கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம், உரிமை யாருடையதாக இருந்தாலும் காடாக இருப்பதைக் கண்டறிய நிபுணர் குழு அமைக்கும்படி மாநிலங்களுக்குச் சொன்னது. குழு அமைக்கக் கெடு ஒரு மாதம். 2024 பிப்ரவரியில் அதே நீதிமன்றம், அந்தப் பட்டியலை மார்ச் 31-க்குள் கொடுங்கள், ஏப்ரல் 15-க்குள் இணையத்தில் போடுங்கள் என்று மறுபடி கேட்க வேண்டிவந்தது. இருபத்தேழு ஆண்டு! இடைவெளியில் ஒரு தேக்கங்கன்று நட்டிருந்தால் மரமாகி, வெட்ட அனுமதிக்கு மனுப் போடும் பருவத்துக்கு வந்திருக்கும். அதே 2024-இல், நாடு 2000 முதல் 23 லட்சம் ஹெக்டேர் மரப்பரப்பை இழந்துவிட்டதாக எல்லாருக்கும் திறந்திருக்கும் வெளிநாட்டுப் படத்தளம் ஒன்று சொன்ன செய்தியைப் பார்த்து, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக வழக்கு எடுத்தது. நம் காட்டைப் பற்றி நம் தீர்ப்பாயம் கேள்வி கேட்க வாஷிங்டனிலிருந்து படம் வர வேண்டியிருக்கிறது. இதற்கு வெட்கப்பட வேண்டிய நாற்காலிகள் எத்தனை? ஒன்றுகூட அசையவில்லை.

ஆகவே இதைத் தொழில்நுட்பக் குறை என்று நினைத்து ஏமாற வேண்டாம். பட்டாவும் புலப்படமும் தமிழ்நாட்டில் கைப்பேசியிலேயே கிடைக்கின்றன, நல்ல காரியம். செயற்கைக்கோள் படம் இலவசம். காட்டுத்தீ எச்சரிக்கையை இந்திய வன ஆய்வு நிறுவனமே குறுஞ்செய்தியில் அனுப்புகிறது. ஒன்றின் மேல் ஒன்றை வைத்துப் பட்டாதாரரிடம் நீட்டுவதுதான் மிச்சம். நீட்டினால் அவர் எங்கே ஊற்றுக்கண் வறள்கிறது, எங்கே உண்ணிச்செடி மண்டுகிறது, எந்தச் சரிவில் மரம் எடுத்தால் மண் இறங்கும் என்று பார்ப்பார். கூடவே பக்கத்து மலையில் அனுமதியில்லாமல் முளைத்த ரிசார்ட்டையும் பார்ப்பார். காப்புக்காட்டுக்குள்ளேயே மொட்டையாகிப்போன திட்டையும் பார்ப்பார். பயம் அதுதான். பூட்டிவைத்திருப்பது காட்டைக் காக்க அல்ல, சதவீதத்தைக் காக்க.

கேட்க வேண்டியது நான்கு. எந்தப் புல எண் காட்டுக் கணக்கில் சேர்ந்திருக்கிறது என்ற படத்தை வெளியிடுங்கள். காப்புக்காட்டு எல்லையையும் புலப்படத்தையும் ஒரே திரையில் காட்டுங்கள், ஆட்சேபணைக்கு வழி வையுங்கள். தான் நட்ட மரத்தைக் கலைத்துவிட நினைக்கும் சிறு உரிமையாளருக்கு முன்னறிவிப்பு முறை கொடுங்கள். ஏமாற்றுபவரை ஐந்தாம் நாள் செயற்கைக்கோள் காட்டிக்கொடுக்கும், அன்றைக்குப் பிடியுங்கள். கொடுத்த ஒவ்வொரு வெட்டு அனுமதியையும், குறிப்பாகப் பெரிய கம்பெனிக்குக் கொடுத்ததை, அதே படத்தில் புள்ளியாக வையுங்கள்.

இதைத் தாமாகச் செய்ய மாட்டார்கள். ஆகவே மரம் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் ஒரு காரியம் செய்யலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுவுக்குக் கட்டணம் பத்து ரூபாய், பதிலுக்குக் கெடு முப்பது நாள். உங்கள் மாவட்டம், கிராமம், புல எண்ணை எழுதுங்கள். "என் நிலம் உங்கள் காட்டுக் கணக்கில் இருக்கிறதா? எந்த ஆண்டு முதல்? அந்தப் படத்தின் நகல் வேண்டும்" என்று மூன்று வரி கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் கோப்பில் போடுவார்கள். பத்தாயிரம் பேர் கேட்டால் படத்தை வெளியிடுவதுதான் அவர்களுக்கே மலிவு என்று தெரிந்துவிடும்.